பரிசு ஏன் ஒரே பக்கமாகப் போகிறது?

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலூர் பக்கம் வாகனங்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. மொத்தம் 140 பேர். அவர்களில் 48 பேர் பெண்கள், 40 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டு ஆண்டுகளாக ‘இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்’ என்று மாதம் ஒருவருக்கு 2,000 ரூபாயும் சான்றிதழும் கொடுக்கிறார்கள். இதுவரை கொடுத்த 24 பரிசுகளில் 17 பகல் ஷிப்டின் மோல்டிங் (ரப்பரை அச்சில் வைத்து உருவாக்கும்) பிரிவுக்கே போயிருக்கின்றன. பெண்களுக்கு மூன்று. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒன்றுகூட இல்லை. மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் எழுதுகிறார்: “நாங்கள் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் பரிசு அறிவிக்கும் நாளில் பேக்கிங் பிரிவில் ஒருவரும் கைதட்டுவதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?”

கைதட்டாத பேக்கிங் பிரிவு உங்கள் கண்ணில் பட்டதே பெரிய விஷயம். நான் 27 ஆண்டுகள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பர்சனல் துறையில் இருந்தேன். முதலில் ஒரு நூற்பாலை, அப்புறம் ஒரு மருத்துவமனை, கடைசியில் உங்களைப் போல ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. மூன்று இடத்திலும் பரிசுத் திட்டம் இருந்தது. மூன்று இடத்திலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்த்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கமிட்டி உட்கார்ந்து பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நியாயமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த மேசைக்கு வந்த பெயர்களே ஐந்தோ ஆறோதான். மற்றவர்கள் அதற்கு முன்பே, யாருடைய வேலை யார் கண்ணில் படுகிறது என்கிற இடத்திலேயே விடுபட்டுப் போயிருந்தார்கள். அதனால் பரிசுத் தொகை, சான்றிதழ், விழா எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் நிறுவனத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் பாதி வேலையை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். 140 பேரில் 48 பேர் பெண்கள் என்றால், 24 பரிசில் ஏழெட்டு அவர்களுக்குப் போயிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்று என்பது யோசிக்க வைக்கும் எண். அந்த 24 பேரையும் இன்னும் சில விதங்களில் பிரித்துப் பாருங்கள். எந்த ஷிப்ட், யார் சூப்பர்வைசர், எத்தனை வருட சர்வீஸ், பெயரை முதலில் முன்மொழிந்தவர் யார். என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் உண்மையைச் சொல்லும். பெரும்பாலும் பரிசு வாங்கிய பிரிவுக்குத் திறமை அதிகம் என்று இருக்காது. அந்தப் பிரிவின் சூப்பர்வைசருக்கு நன்றாக எழுத வரும், அல்லது மேனேஜரோடு தினமும் டீ குடிப்பவராக இருப்பார். நூற்பாலையில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். முன்மொழிவுப் படிவத்தை ஆங்கிலத்தில் அழகாக நிரப்புவார். மூன்று வருடம் அவருடைய ஆட்களே பரிசு வாங்கினார்கள். பக்கத்துப் பிரிவின் சூப்பர்வைசர் 30 வருட அனுபவம் உள்ளவர், படிவத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடுவார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் பரிசை மறந்தே போனார்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள், இது நம் பகுதிக்கு மிகவும் தேவையானது. கம்பெனி பஸ் ரூட்வாரியாகப் பாருங்கள். திருமங்கலம் பஸ், உசிலம்பட்டி பஸ், மேலூர் பஸ் என்று ஒவ்வொன்றிலும் வருபவர்களில் எத்தனை பேர் பரிசு வாங்கியிருக்கிறார்கள்? நம் ஊர்த் தொழிற்சாலைகளில் ஆள் சேர்ப்பது பாதிக்கு மேல் சொந்தம், ஊர், தெரிந்தவர் வழியாகத்தான் நடக்கிறது. “நம்ம ஊர்ப் பையன்” என்ற ஒரு சொல் எத்தனை கதவைத் திறக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பின்னால் சாதி இருக்கும் இடங்களும் உண்டு. பணியாளரிடம் சாதியைக் கேட்கவும் கூடாது, எந்தத் தாளில் எழுதவும் கூடாது. ஆனால் ரூட்வாரிக் கணக்கு அந்தச் சாய்வு இருக்கிறதா என்று ஓரளவு காட்டிவிடும். ஒரே ரூட்டுக்குப் பரிசு குவிந்தால், முன்மொழிபவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடத்திய மண் இது. மரியாதை என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. தொழிற்சாலைச் சுவருக்குள் வந்துவிட்டால் அது மாறிவிடும் என்று நினைக்க முடியாது.

அடுத்தது அளவுகோல். சிறந்த பணியாளர் என்றால் என்ன என்று உங்கள் நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காது என்று ஊகிக்கிறேன். மதுரையில் தருமி கதை தெரியாதவர் இல்லை. பாண்டியன் மனதில் ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கும் பாட்டைக் கொண்டு வருபவருக்கு ஆயிரம் பொன். சந்தேகம் என்ன என்பது அரசன் மனதுக்குள்தான் இருந்தது. புலவர்கள் எல்லோரும் அதை ஊகித்து எழுத வேண்டியிருந்தது. பல நிறுவனங்களில் இன்றைக்கும் பரிசு அப்படித்தான் நடக்கிறது. மேனேஜர் மனதில் இருப்பதை ஊகிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. கொண்டுவந்த பாட்டு தருமியுடையதே இல்லை. லைனில் ஒரு யோசனை சொன்னது ஹெல்ப்பராக இருக்கும், மீட்டிங்கில் அதை எடுத்துச் சொன்னது ஆப்பரேட்டராக இருக்கும், சான்றிதழில் வரும் பெயர் இன்சார்ஜுடையதாக இருக்கும். அதனால் முன்மொழியும் தாளில் “இந்த வேலையில் கூட இருந்தவர்கள் யார் யார்?” என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது நிரப்பப்படாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அலங்காநல்லூர் வாடிவாசலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காளையை ஒருவர்தான் அணைய வேண்டும், திமிலைத்தான் பிடிக்க வேண்டும், வாலைப் பிடித்தால் கணக்கில் வராது. இது கேலரியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் எத்தனை காளை பிடித்தார் என்பது மைக்கில் அப்போதைக்கப்போது சொல்லப்படுகிறது. அப்படியிருந்தும் சில வருடம் சச்சரவு வரத்தான் செய்கிறது. விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், விதியே தெரியாத இடத்தில் ஆட்கள் மனதுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள்? உங்கள் பேக்கிங் பிரிவு வாய்விட்டுச் சொல்லவில்லை, கைதட்டாமல் சொல்லியிருக்கிறது.

அளவுகோலைப் பிரிவுவாரியாக எழுதுங்கள். மோல்டிங்கில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று எண்ண முடியும். டிரிம்மிங்கில் பெண்கள் பிசிறு வெட்டி, ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்குகிறார்களே, அந்த வேலையை எந்த எண்ணால் அளப்பது? நிறைய பீஸ் ஒதுக்கினால் உற்பத்தி குறைந்த மாதிரி தெரியும். ஒதுக்காமல் விட்டால் வாடிக்கையாளரிடமிருந்து லாட் மொத்தமாகத் திரும்பி வரும். அங்கே சிறந்த வேலை என்பது வெளியே போகாமல் தடுத்த குறை. அதை எண்ணவே ஒரு நோட்டு வேண்டும். மெயின்டனன்ஸும் அப்படித்தான். பிரஸ் மிஷின் நின்றுபோய், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சரிசெய்த ஃபிட்டருக்கு மறுநாள் எல்லோரும் கைகொடுப்பார்கள். தன் பொறுப்பில் இருக்கும் பிரஸ்ஸுக்கு நேரத்துக்கு கிரீஸ் போட்டு, பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே முன்கூட்டி மாற்றி, வருடம் முழுக்க மிஷின் நிற்காமல் பார்த்துக்கொண்ட ஃபிட்டரை யாரும் நினைப்பதில்லை. அவர் விஷயத்தில் சொல்வதற்கு ஒரு சம்பவமே இல்லை. முன்மொழிவுத் தாளில் “என்ன செய்தார்?” என்று மட்டும் கேட்டால் இவர் ஒருநாளும் வரமாட்டார். “இவரால் எது நடக்காமல் போனது?” என்றும் கேளுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் இதை ஒரு தூய்மைப் பணியாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அறுவை சிகிச்சை அறைப் பகுதியைச் சுத்தம் செய்பவர். பத்து வருடமாக ஒரு விருதுக்கும் அவர் பெயர் வந்ததில்லை. ஒருமுறை அவர் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். அந்தப் பத்து நாளில்தான் டாக்டர்களும் நர்ஸுகளும் அவரைப் பற்றிப் பேசினார்கள். திரும்பி வந்தவரிடம் நான் போய்ச் சொன்னபோது, “நான் இல்லாதப்பதான் தெரிஞ்சிருக்கு, இல்லையாக்கா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இனி வருகைப் பரிசு. நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ‘சிறந்த பணியாளர்’ தேர்வில் வருகைக்கும் மதிப்பெண் இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். லீவே போடாதவருக்குப் பரிசு என்பது பார்க்க நேர்மையான அளவுகோல் போலத் தெரியும். எண் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் யாரால் லீவு போடாமல் இருக்க முடியும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்க வேண்டியது யார் என்று நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம். மாமியாரை ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, ஸ்கூலில் கூப்பிட்டால் போவது எல்லாம் பெண் தலையில். மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மாதம் ஒருநாள் பிசியோதெரபி. அந்த ஒரு நாள் அவரை வருடம் முழுக்கப் போட்டியிலிருந்து விலக்கிவிடும். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கம்பெனி விடுமுறை இல்லாத இடத்தில், அந்த ஒரு நாள் லீவு போட்டவர்களும் அப்படியே.

நான் பார்த்த ஒரு வருடத்தை மறக்க முடியாது. ஒரு பெண் நான்கு வருடம் தொடர்ந்து வருகைப் பரிசு வாங்கியவர். ஐந்தாம் வருடம் மகனுக்கு டெங்கு, மூன்று நாள் லீவு. பரிசு போயிற்று. அந்த வருடம் அதை வாங்கியவர் அலுவலகத்தில் வேலை செய்தவர். அவர் வருடத்தில் 20 தடவைக்கு மேல் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டிருந்தார். விதியில் லீவு எண்ணப்பட்டது, பெர்மிஷன் எண்ணப்படவில்லை. லைனில் நிற்பவருக்கு பெர்மிஷன் கிடையாது. விதி எழுதியவர்கள் எல்லோரும் பெர்மிஷன் போட முடிந்தவர்கள், அதனால் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நானும் அந்த அறையில் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

சட்டம் இதில் நம்மைவிட முன்னால் போயிருக்கிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், போனஸுக்கான வேலை நாட்களைக் கணக்கிடும்போது மகப்பேறு விடுப்பு நாட்களையும், வேலையில் அடிபட்டு வர முடியாமல் போன நாட்களையும், சம்பளத்துடன் எடுத்த லீவையும் வேலை செய்த நாட்களாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2017இலிருந்து மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதை எடுத்த பெண் அந்த வருடம் பரிசுக்குத் தகுதியில்லை என்று ஒரு கம்பெனி விதி சொன்னால், சட்டம் ஒரு கையால் கொடுத்ததை நாம் மறு கையால் வாங்கிக்கொள்கிறோம். குறைந்தபட்சம், சட்டப்படியான எந்த விடுப்பும் பரிசுக்கு எதிராக எண்ணப்படாது என்று ஒரே வரியில் எழுதி ஒட்டுங்கள். ஒரு வருடத்தில் ஆறு மாதம் வேலை செய்தவரை அந்த ஆறு மாத வேலையை வைத்துப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால் வருகைப் பரிசையே எடுத்துவிடலாம். அமெரிக்காவில் தொழிற்சாலைத் துணிகளைச் சலவை செய்யும் ஒரு நிறுவனத்தில், ஒரு ஆலையில் மட்டும் இப்படி வருகைப் பரிசு வைத்துப் பார்த்ததைப் பற்றி 2016இல் ஒரு ஆய்வு வந்தது. பரிசுக்கு வாய்ப்பு இருக்கும்வரை நேரத்துக்கு வந்தவர்கள், அந்த மாதம் வாய்ப்பு போனதும் பழையபடி தாமதமாக வந்தார்கள். அதைவிட வருத்தமானது, பரிசு வருவதற்கு முன்பிருந்தே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத் திறன் குறைந்தது. அவர்கள் தாமாகச் செய்துகொண்டிருந்ததை, திடீரென்று மற்றவர்களுக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். அம்மை போட்ட மூன்றாம் நாள் பரிசுக்காக ஷிப்டுக்கு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ‘விபத்தில்லாத மாதம்’ பரிசும் இதே ஜாதகம்தான். பிரிவில் ஒருவருக்கு விரல் நசுங்கினால் எல்லோருக்கும் பரிசு போகும் என்றால், விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு சொல்லாமல் போய்விடுவார்கள். விபத்து நடக்காத மாதத்தை விட்டுவிட்டு, “இந்த இடத்தில் வழுக்குகிறது, இந்த மிஷினின் பாதுகாப்புத் தடுப்பு தளர்ந்திருக்கிறது” என்று முன்கூட்டிச் சொன்னவரைப் பாராட்டுங்கள்.

சரி, யார் முன்மொழிவது, யார் தேர்ந்தெடுப்பது? முன்மொழிவை சூப்பர்வைசரிடம் மட்டும் விடாதீர்கள். யாரும் யாரையும் முன்மொழியலாம் என்று திறந்துவிடுங்கள். படிவம் தமிழில், மூன்றே கேள்வி. எழுதச் சிரமப்படுபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம், அல்லது வந்து சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பெட்டியை மனிதவள அறைக்கு வெளியே வைக்காதீர்கள், கேன்டீனில் தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எல்லோரும் நிற்கிற இடம் அது. மின்னஞ்சல் வழி மட்டும் என்றால், மின்னஞ்சல் இல்லாத பாதிப் பேரை முதல் நாளே விலக்கிவிட்டோம்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேர் லைனில் வேலை செய்பவர்கள், ஒருவராவது இரவு ஷிப்ட், குறைந்தது இரண்டு பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேர் மாற வேண்டும். தன் பிரிவைச் சேர்ந்தவர், தன் சொந்தக்காரர் பெயர் வரும்போது அந்தக் குழு உறுப்பினர் வெளியே போய் உட்கார வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை, பெயர் வந்த பிறகு சொன்னால் மனஸ்தாபம். பெயரை மறைத்துவிட்டு மதிப்பிடச் சொல்வார்கள் சிலர். பெரிய நிறுவனத்துக்கு அது நல்ல வழி. 140 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு வரி படித்தாலே யார் என்று தெரிந்துவிடும். அதனால் அதை நம்பி இருக்காதீர்கள். அதற்குப் பதில், தேர்ந்தெடுத்த காரணத்தை இரண்டு வரியில் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். எழுத வேண்டும் என்று தெரிந்தாலே குழு யோசித்துத் தேர்ந்தெடுக்கும்.

அந்த இரண்டு வரிகளையும் ஒரு வருடம் கழித்து வரிசையாக வைத்துப் படியுங்கள். ஆண்களுக்கு “சிக்கலைத் தீர்த்தார்”, “முன்னின்று செய்தார்” என்றும், பெண்களுக்கு “பொறுமைசாலி”, “எப்போதும் சிரித்த முகம்”, “அனுசரித்துப் போவார்” என்றும் வந்திருந்தால், பெண்களின் வேலையை இன்னும் யாரும் பார்க்கவில்லை, அவர்களின் சுபாவத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பதவி உயர்வு என்று வரும்போது சிரித்த முகத்துக்கு யாரும் இன்சார்ஜ் பொறுப்பு கொடுப்பதில்லை.

பிரிவுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துக் கொடுக்கலாமா என்று உங்கள் மேனேஜர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். “இந்த மாசம் பேக்கிங் முறை” என்று வந்துவிட்டால், பேக்கிங்கில் உண்மையிலேயே நன்றாக வேலை செய்து வாங்கியவருக்கும் அது தானமாகத் தெரியும். பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதான் நான் பார்த்ததில் சரியாக வந்த வழி. வருடத்துக்கு நீங்கள் செலவு செய்வது 24,000 ரூபாய். 140 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 170. இருபது பேர் இருக்கும் பேக்கிங் பிரிவின் பெயரில் வருடத்துக்கு 3,400 ரூபாய் நிற்கும். இரவு ஷிப்டுக்குத் தனியாக அதன் பங்கு. சூப்பர்வைசர் அந்தப் பணத்தை 200, 300 ரூபாயாக, வேலை நடந்த அதே வாரத்தில், காரணம் எழுதிக் கொடுக்கலாம். வருடக் கடைசியில் ஒரு பிரிவின் பணம் செலவாகாமல் கிடந்தால், அந்தப் பிரிவில் நல்ல வேலை நடக்கவில்லையா, சூப்பர்வைசர் பார்க்கவில்லையா என்று அவரிடம் கேட்க உங்களிடம் கணக்கு இருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. உங்கள் நிர்வாகத்துக்கு ஒரு பயம் இருக்கும், வக்கீலும் சொல்லியிருப்பார்: நாமே நேரடியாகப் பரிசும் சான்றிதழும் கொடுத்தால், நாளைக்கு அவர்களும் நம் நேரடிப் பணியாளர்களே என்று ஒரு வாதம் கிளம்பலாம். அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து 40 பேரைக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆக்கிவிடக் கூடாது. ஒப்பந்ததாரரின் பெயரில், அவர் கையால், உங்கள் செலவில் அதே அளவு பரிசு போகலாம். குழுப் பரிசு என்றால் அந்த லைனில் நின்ற எல்லோருக்கும் என்று எழுதலாம். எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் கேளுங்கள். கொடுக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். இனிப்புக்கு எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. தீபாவளிக்கு நிரந்தரப் பணியாளருக்கு ஒரு கிலோ ஸ்வீட்டும், ஒப்பந்தக்காரருக்கு அரைக் கிலோவும் கொடுத்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். இரண்டு டப்பாவும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து மடியில் போகும். வருடம் முழுக்கப் பேசிய சமத்துவம் எல்லாம் அந்த ஒரு பயணத்தில் முடிந்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்ட விதிகள் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரி கூலி என்று சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. 2016இல் தற்காலிகப் பணியாளர்கள் தொடுத்த பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. டப்பா அளவையாவது நாம் சமமாக்கலாம்.

பரிசுப் பொருளைப் பற்றி ஒன்று. எல்லோருக்கும் ஒரே பொருள் என்பது சமம் மாதிரித் தெரிந்தாலும் சமமாக இருப்பதில்லை. தம்பதியாகப் போய்ச் சாப்பிட ஹோட்டல் கூப்பன் கொடுத்தோம் ஒருமுறை. கணவரை இழந்த ஒரு பெண் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சுற்றுலா என்றால் பல பெண்களை வீட்டில் விடமாட்டார்கள். குத்துவிளக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அதே மதிப்பில் மூன்று நான்கு வகை வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் பணம், மளிகை வவுச்சர், குக்கர் மாதிரி ஒரு பொருள், சம்பளத்தோடு ஒரு நாள் லீவு. பணமே எளிது என்று தோன்றும், ஆனால் “காசாக் குடுத்தா வீட்ல வாங்கிக்குவாங்க மேடம், பொருளாக் குடுங்க” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறார். லீவைப் பட்டியலில் சேர்த்த வருடம், பெண்களில் பெரும்பாலோர் அதைத்தான் எடுத்தார்கள்.

விழா நடத்தும் முறையும் கவனிக்க வேண்டியது. கேட்டில் ஃபிளெக்ஸ் வைப்பது நம் ஊரில் பழக்கம். படம் போடுவதற்கு முன்பு அவரிடம் தனியாகக் கேளுங்கள், பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள். தன் படம் ரோட்டில் தொங்குவதையும், எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதையும் விரும்பாத பெண்கள் நிறைய. ஆயுத பூஜை அன்றைக்கு எல்லோரும் கூடுகிறார்கள் என்பதற்காகப் பரிசளிப்பையும் அதோடு சேர்ப்பது வழக்கம். பூஜை தன் போக்கில் நடக்கட்டும், பரிசளிப்பை ஒரு சாதாரண வேலை நாளில், இரண்டு ஷிப்டும் சந்திக்கும் நேரத்தில் வையுங்கள். பூஜையில் கலந்துகொள்ளாதவரும் இரவு ஷிப்ட் ஆட்களும் அப்போது இருப்பார்கள். காது கேளாத பணியாளர் இருந்தால் மைக்கில் பெயர் சொல்வது மட்டும் போதாது, திரையில் பெயர் வரட்டும். மேடைக்குச் சரிவுப் பாதை போடுங்கள். இதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன். போலியோ பாதித்த கால்களோடு காலிப்பர் என்ற தாங்குகருவி அணிந்து வேலை செய்த ஒருவருக்கு 25 வருட சேவை விருது. மேடைக்கு மூன்று படி. ஏற்பாடு முழுவதும் என்னுடையது, படியை நான் நினைக்கவே இல்லை. இரண்டு பேர் தூக்கிவிட வந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையசைத்து, கீழேயே நின்று வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படத்தில் கொடுப்பவர் குனிந்திருப்பார், வாங்குபவர் அண்ணாந்திருப்பார். அவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சம்பளமும் போனஸும் ஓவர்டைமும் சரியாக இல்லாத இடத்தில் இவ்வளவும் வீண். போனஸ் சட்டப்படி வர வேண்டியது, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதைப் பரிசு என்று மேடையில் கொடுத்து நன்றி எதிர்பார்க்கக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் சட்டம். ராத்திரி நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்காமல் ‘அர்ப்பணிப்பு விருது’ கொடுத்தால், அந்த விருது எதற்கு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். உங்கள் கம்பெனியில் இது எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. பரிசுத் திட்டத்தை மாற்றுவதற்கு முன் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும் ஓவர்டைம் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த மாதப் பரிசை மட்டும் நிறுத்திவையுங்கள். “விதியைத் திருத்துகிறோம், உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்” என்று அறிவிப்பு ஒட்டுங்கள். அந்த மாதத்தில் இரண்டு இரவு நீங்களே ஷிப்டுக்குப் போய் இருங்கள். மேனேஜரோடு போகாதீர்கள், ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். டிரிம்மிங் டேபிளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே பத்துப் பீஸ் பிசிறு வெட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், “உங்கள் பிரிவில் யாருக்குக் கொடுத்தால் எல்லோரும் கைதட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். உடனே சொல்லமாட்டார்கள். இரண்டாம் தடவை போகும்போது சொல்வார்கள். அந்தப் பெயர்களையும் பழைய 24 பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மறுபடியும் எழுதுங்கள். குழுவுக்கான விதிகளை அப்போது உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.